குள்ளம்மாள் அக்காவுக்கு வந்த நெய்ச்சட்டிகள்

மொரப்பூரிலிருந்து ஓசூர் வரைக்கும் அந்தக் காலத்தில் ஒரு சின்ன ரயில் ஓடியது. யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ரயிலில் குள்ளம்மாள் அக்கா ஏறினால் மாரண்டஹள்ளி ஸ்டேஷனில் நிற்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். பெட்டியின் வாசல் அத்தனை குறுகல். அக்கா பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். அவள் கணவர் மாதப்பன் மாமா கீழே நின்று முதுகுக்குக் கை கொடுப்பார். அவர் அவள் தோள் உயரம்கூட இல்லை.

“ஏம்ப்பா மாதப்பா, நீ தள்றியா, தொங்கறியா?” என்று யாராவது கேட்பார்கள்.

“தள்ளலீங்க. அவ உள்ள போயிட்டா எனக்கு நெழல் போயிருமேன்னு புடிச்சுக்கிட்டு நிக்கறன்,” என்பார் மாமா.

அக்காதான் முதலில் சிரிப்பாள். சிரிக்கும்போது அவள் உடம்பு முழுக்கச் சிரிக்கும்.

மாதப்பன் மாமாவின் தம்பி செல்லனுக்கு வாழ்க்கைப்பட்டு நான் அந்த வீட்டுக்கு வந்தேன். அக்கா என் ஓரகத்தி. மாரண்டஹள்ளிக்கு மேற்கே, மழையை நம்பிக் கேழ்வரகும் கொள்ளும் விதைக்கிற ஊர். எனக்கு யாரோடும் பேச வராது. கணவரின் அண்ணனிடம் நேராகப் பேசுகிற வழக்கமும் எங்களில் இல்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கதவோரம் நின்று அக்காவிடம் சொல்வேன், அவள் மாமாவிடம் சொல்வாள். மாமா சொல்கிற பதிலை, நான் அங்கேயே நின்று கேட்டிருந்தாலும், அவள் திரும்பவும் எனக்குச் சொல்வாள். “ரயில் தபால் வந்துருச்சுடி ராமக்கா, வாங்கிக்க,” என்று கேலி வேறு.

பஞ்சத்தில் பிறந்தவள் அக்கா. கைக்குள் அடங்குகிற குழந்தையாய் இருந்ததால்தான் குள்ளம்மாள் என்று பெயர் வைத்தார்களாம். கல்யாணத்துக்குப் பிறகு உடம்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. எலும்பும் தோலுமாக எல்லோரும் திரிகிற எங்கள் ஊரில் அவள் உடம்பு ஊருக்கே ஒரு பெருமை. தானியம் சேமிக்க மண்ணில் வெட்டிய கேழ்வரகுக் குழியில் கொட்டும்போது முதல் படி அவள் கையால்தான் விழ வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட அழைத்துப் போவார்கள். அவள் கை பட்டால் குழி வற்றாது என்று நம்பிக்கை. “அந்த வூட்டுல சோத்துக்கு என்ன கொற? அந்தம்மாளப் பாருங்க,” என்று சொல்லியே என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தார்கள்.

உண்மையில் அவள் எங்களைவிட அதிகமாகச் சாப்பிட்டதில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சிய களியை நானும் அவளும்தான் பங்கு போடுவோம். பெரிய உருண்டையை என் பக்கம் தள்ளிவிடுவாள். இது எனக்கு மட்டும் தெரியும்.

அவளுக்குப் பிள்ளை இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் முன் பங்காளி வீடுகளிலிருந்து ஆளுக்கொரு சட்டி நெய் கொண்டுவந்து கொடுப்பார்கள். வெறும் களியைத் தின்று உழைத்த உடம்புக்குப் பிள்ளையைத் தள்ள வலு வேண்டும் அல்லவா? பிள்ளை பிறந்து அவள் திரும்பி வந்ததும் ஒப்பட்டு என்கிற போளி சுட்டு, பருப்பும் வெல்லமும் பிதுங்கப் பிதுங்க அந்தச் சட்டிகளில் வைத்து, வந்த வீடுகளுக்கே திருப்பித் தர வேண்டும். சட்டி வெறுமனே திரும்பக் கூடாது. ஊரில் எந்தப் பெண்ணுக்குப் பிள்ளை என்றாலும் முதல் சட்டி குள்ளம்மாள் அக்காவுடையதாகத்தான் இருக்கும். எனக்கும் அவள்தான் முதலில் கொடுத்தாள். அவளுக்குக் கொடுக்க யாருக்கும் சந்தர்ப்பம் வரவில்லை.

முப்பத்தேழாம் வருஷம் ஆடி மாதத்தில் அவளுக்கு முதுகு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். “ராமக்கா, இங்க கொஞ்சம் கைய வச்சுப் பாரு,” என்று என் கையை எடுத்து இடது மார்புக்குக் கீழே வைத்தாள். சதைக்குள் ஆழத்தில் புளியங்கொட்டை மாதிரி ஏதோ தட்டுப்பட்டது.

“வலிக்குதுங்களாக்கா?”

“வலிச்சா சொல்லியிருக்க மாட்டனா? சும்மா கெடக்குது. நீயும் சும்மா இரு.”

சும்மா இருந்தோம். வேறு யாருக்கும் அது தெரிய வழியில்லை; அத்தனை சதைக்குள் ஒளிந்திருந்தது. கார்த்திகையில் அது எலுமிச்சை அளவுக்கு வந்து, மேல் தோல் குழிந்தபோது நான் செல்லனிடம் சொன்னேன். செல்லன் மாமாவிடம் சொன்னார். மாமா அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்தவர் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை.

தர்மபுரியில் பெண்களுக்கென்று ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. டாக்டரம்மா மங்களூர்க்காரர். பாதி தமிழும் பாதி கன்னடமுமாகப் பேசுவார். எங்கள் ஊரிலும் பாதிப்பேர் கன்னடம் என்பதால் எங்களுக்குப் புரிந்தது. கட்டியோடு சேர்த்து அந்தப் பக்க மார்பு முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்றார். “அடுத்த வாரமே வந்துருங்க. தள்ளிப் போடாதீங்க.”

“எடுத்துட்டா பொழச்சுக்குவாளுங்களா?” என்றார் மாமா.

“சீக்கிரம் எடுத்தா நம்பிக்கை இருக்கு.”

அடுத்த வாரமே போயிருப்போம். ஊருக்குச் சேதி தெரிந்ததும் பங்காளி வீட்டுச் சின்னக்காள் வந்தாள். மூன்று பிள்ளைகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். மெலிந்த பிள்ளைதான் முதலில் போகும் என்பது அவள் அனுபவித்துத் தெரிந்துகொண்டது.

“ஏன் மாதப்பா, கத்தி வச்சா ரத்தம் போவும், சதை போவும். ஒடம்புல இருக்கறதுல இருந்துதான போவணும்? பிள்ளப் பொறப்புக்குப் போறவளையே ஊட்டித்தான் அனுப்பறம். இவள மட்டும் சும்மாவா அனுப்புவ? தை முடியட்டும். ஒடம்ப நல்லா ஏத்திக்கிட்டுப் போங்க.”

அவள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு சட்டியை எடுத்து அக்காவின் மடியில் வைத்தாள். வாய் கட்டிய மண்சட்டி. எருமை நெய்.

அக்கா அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னக்காள் போன பிறகு என்னைப் பார்த்தாள்.

“எனக்குடி ராமக்கா,” என்றாள். “எனக்கு வந்திருக்குது பாரு.”

அன்றைக்கு அவள் முகம் இருந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. ஒரு வீடு கொடுத்தால் மற்ற வீடுகள் விடுமா? எந்தெந்த வீட்டுக்கெல்லாம் அவள் நெய் கொடுத்தாளோ அந்த வீடுகளிலிருந்தெல்லாம் சட்டி வந்தது. எங்கள் உள்வீட்டில் சுவரோரம் வரிசையாக நின்றன. மாமா தன் பங்குக்குச் சந்தையில் ஒரு சட்டி வாங்கி வந்து கடைசியில் வைத்தார். புருஷன் கொடுக்கிற வழக்கம் கிடையாது. “இருக்கட்டும், எனக்கும் ஆச,” என்றார்.

பிறகு ஊட்டல்தான். களியின் நடுவில் குழி பறித்து நெய் ஊற்றுவோம். எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்தது நான்தான். வெள்ளாட்டு ஈரலை யாராவது இலையில் சுற்றிக் கொண்டுவருவார்கள். அக்காவால் யாருக்கும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கொண்டுவந்தவள் எதிரிலேயே உட்கார்ந்து, அவள் விழுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். ரவிக்கையின் பக்கத் தையலைப் பிரித்து இரண்டு முறை துணி கொடுத்தேன். கழுத்து மடிந்தது. கன்னம் பளபளத்தது. “பாரு, இப்பவே பாதி தேறிட்டா,” என்று ஊர் பேசிக்கொண்டது. டாக்டரம்மா சொன்ன வாரம் எப்போதோ போய்விட்டிருந்தது. இந்த உடம்பை ஒரு கத்தி என்ன செய்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

மாசியில் போனோம். சின்ன ரயிலில் அவளை ஏற்ற மாமாவோடு இன்னும் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை.

டாக்டரம்மா அக்காவைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். “இத்தனை நாள் என்ன செஞ்சீங்க?” என்றார். “முன்னைவிட உடம்பு போட்டிருக்கீங்களே.”

“ஆமாங்கம்மா,” என்றார் மாமா பெருமையாக. “ஊரே சேந்து ஊட்டுச்சுங்க.”

டாக்டரம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டார்.

அறுத்து எடுத்தார்கள். எதிர்பார்த்ததைவிட நேரம் ஆனது. கழுத்தெலும்புக்குக் கீழே தொடங்கி அக்குள் வரை தைத்து, பெரிய கட்டுப் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். துணைக்கு நான் தங்கினேன். மாமா ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்தார்.

பக்கத்துக் கட்டிலில் வத்தல்மலைக்காரி ஒருத்தி, கருப்பி என்று பெயர். கடுக்காய் பொறுக்கப் போன இடத்தில் கரடி நெஞ்சைக் கிழித்திருந்தது. டோலி கட்டித் தூக்கி வந்திருந்தார்கள். எங்கள் டாக்டரம்மாதான் அவளையும் தைத்தார். ஊதினால் பறந்துவிடுவாள். அவளைப் பார்த்ததும் அக்காவுக்குத் தன் வலி மறந்துபோனது.

“ஐயோ, இந்தப் புள்ள எப்பிடித் தாங்கும்? ராமக்கா, நம்ம கஞ்சியில இருந்து அவளுக்குக் குடு.”

“என்னைய நெனச்சு அழுவாத அக்கா,” என்றாள் கருப்பி. “கரடியே நாலு வாய் வச்சுப் பாத்துட்டு, இதுல ஒன்னுமில்லன்னு உட்டுட்டுப் போயிருச்சு. நீ கெடைச்சிருந்தா ஊரக் கூட்டிச் சாப்புட்டிருக்கும்.”

அக்கா சிரிக்க ஆரம்பித்து, தையல் இழுக்க, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வந்த வாரத்திலேயே கருப்பியின் கிழிசல்கள் காயத் தொடங்கின. அழுக்குப் பட்டு, நகம் பட்டு, மலையிலிருந்து ஆடி ஆடி வந்த புண். எலும்பின்மேல் தோல் நேராக ஒட்டிக்கொண்டது. சுத்தமான கத்தியால் அறுத்த அக்காவின் புண்தான் ஒட்டவில்லை. முதலில் காய்ச்சல் வந்தது. தோலுக்கு அடியில் வீங்கியது. நர்ஸ் ஞானசுந்தரி ஒரு தையலை அவிழ்த்ததும் மஞ்சளாக நீர் கொட்டியது. பீங்கான் தட்டில் பிடித்தார்கள். அதன்மேல் சின்னச் சின்ன வட்டமாக எண்ணெய் மிதந்தது. குழம்பின் மேலே மிதப்பதைப் போலவே இருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கப்புறம் ஒவ்வொரு தையலாகச் சதையை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. வெண்ணெயில் நூல் எங்கே நிற்கும்? ஓரத்தில் தோல் கறுத்தது. இன்னொரு மார்பின் கனமும் வயிற்றின் கனமும் அவள் கொஞ்சம் திரும்பினாலும் புண்ணைப் பிடித்து இழுத்தன. ஞானசுந்தரி சொன்னபடி நான் பழைய வேட்டியை மடித்துத் தைத்து, அந்தக் கனத்தைத் தாங்கித் தோளில் கட்டுகிற மாதிரி ஒரு தூளி செய்தேன். தினமும் மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவி, துணித்திரியைப் புண்ணுக்குள் நுழைத்து வைப்பார்கள். திரி போய்க்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு கன்னடத்தில் தாலாட்டு மாதிரி ஏதோ முனகுவாள்.

ஒரு நாள் கட்டு மாற்றும்போது அவளே டாக்டரம்மாவைக் கேட்டாள்.

“கருப்பிக்கு ஆறுது, எனக்கு ஏங்கம்மா ஆறல? அவளுக்கு ஒடம்பே இல்லீங்களே. எனக்கு எவ்வளவு இருக்குது.”

டாக்டரம்மா கட்டில் ஓரம் உட்கார்ந்தார். “ஒட்டறது ரத்தத்தாலதான் அம்மா. தோல்ல, சதையில ரத்தம் நல்லா ஓடும். கொழுப்புல ரத்த ஓட்டம் கம்மி. அறுத்த எடத்துல கொழுப்பு கனமா இருந்தா தையல் புடிக்காது. அடியில நீர் கோத்துக்கும், கொஞ்சம் கொழுப்பு செத்து எண்ணெயா கரையும். அதுல சீழ் புடிச்சா ஆற ரொம்ப நாளாகும்.”

“அப்ப இந்த நெய்யி...”

“மெலிஞ்சவங்களுக்கும் புண்ணு கெடும். கொழுத்தவங்களுக்கும் ஆறியிருக்கு. உங்க மேல தப்பில்ல.” டாக்டரம்மா எழுந்தார். பிறகு நின்று, பொய் சொல்லத் தெரியாதவர் போல, “கொஞ்சம் கம்மியான உடம்போட, சொன்ன நேரத்துக்கு வந்திருந்தா எனக்கு வேலை சுலபமா இருந்திருக்கும்,” என்றார்.

அவர் போனதும் அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டாள்.

“இத ஊர்ல சொல்லாதடி.”

“சொல்ல மாட்டங்க்கா.”

“சின்னக்காளுக்குத் தெரிஞ்சா அவ வாயில சோறு எறங்காது. மூணு புள்ளையக் குடுத்தவ, நாலாவதா என்னைய நெனச்சுக்குவா. எல்லாரும் ஆசையாத்தான குடுத்தாங்க? ஆறட்டும். ஆறுனதும் நான் போயி ஒப்பட்டு சுட்டு, ஒவ்வொரு சட்டியா நானே கொண்டுபோயிக் குடுக்கறன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “உங்க மாமனுக்கும் சொல்லாத. அவருக்கு முக்கியமாச் சொல்லாத.”

மாமா வாராவாரம் வந்தார். வரும்போதெல்லாம் துண்டுக்குள் ஒரு சொம்பு நெய் இருக்கும். வீட்டில் வரிசையாக நின்ற சட்டிகளிலிருந்து ஊற்றிக் கொண்டுவருவார். தன்னுடைய சட்டியை ஆஸ்பத்திரியிலேயே வைத்திருந்தார்; அதில்தான் ஊற்றிக் கொடுப்பார். அக்கா இரண்டு கையாலும் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்வாள். அடுத்த வாரம் அவர் வந்ததும் முதலில் பார்ப்பது சட்டியைத்தான். காலியாக இருந்தால் அவர் முகம் தெளியும்.

“சாப்புடறா, ஞானசுந்தரியம்மா. நல்லா சாப்புடறா,” என்பார்.

அந்த நெய்யெல்லாம் கருப்பிக்குத்தான் போனது. அக்கா சொல்லி நான்தான் அவள் கஞ்சியில் ஊற்றுவேன். கருப்பிக்குக் கன்னம் வைத்தது.

“என்னைய ஏங்க்கா கெடுக்கற? மலையில போனா கரடிக்கு அடையாளம் தெரியாது. சதை வச்சது தெரிஞ்சா மறுபடியும் வந்துரும்.”

“வந்தா குள்ளம்மா குடுத்த நெய்யின்னு சொல்லு. பயந்துக்கிட்டு ஓடிரும்.”

கருப்பி ஊருக்குப் போகிற நாளில், தன் நெஞ்சில் புதிதாக மூடியிருந்த தோலைக் காட்டி, “இதுல ஒரு முழம் கிழிச்சுத் தர முடிஞ்சா தந்துருவன் அக்கா,” என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அவளால் முடியவில்லை. தலையை அக்காவின் காலில் வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

சித்திரையில் ஒரு நல்ல நேரம் வந்தது. காய்ச்சல் இறங்கியது. புண்ணின் அடியிலிருந்து சிவப்பாக, மாதுளை முத்து மாதிரி புதுச் சதை கிளம்பியது. உள்ளே வைக்கிற திரியின் நீளம் குறைந்துகொண்டே வந்தது. டாக்டரம்மாவே சிரித்தார். அக்கா அன்றைக்கெல்லாம் ஒப்பட்டுக் கணக்குத்தான் பேசினாள். பருப்பு நம்முடையது போதுமா, வெல்லம் பாலக்கோட்டில் வாங்கலாமா, எந்த வீட்டுச் சட்டியில் முதலில் வைப்பது. “சின்னக்காளுக்கு ஒன்னு கூட வச்சுருடி. அவதான் மொதல்ல கொண்டாந்தா.”

பிறகு மறுபடியும் காய்ச்சல் வந்தது. அக்குள் பக்கம் சிவந்து கை வீங்கியது. உள்ளே எங்கோ ஒரு மூலையில் சீழ் அடைந்திருந்தது, திறந்து விட்டார்கள். ஆனால் உடம்பு முழுக்க அது பரவிவிட்டது என்றார் டாக்டரம்மா. சீமையிலிருந்து புது மாத்திரைகள் வர ஆரம்பித்திருக்கின்றன, எழுதிப் போட்டிருக்கிறேன் என்றார். மாத்திரை வரவில்லை. அவளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. ஒரு தடவை கண்ணைத் திறந்து, “சட்டியெல்லாம் கழுவியாச்சா?” என்றாள். “ஆச்சுங்க்கா,” என்றேன். மறுநாள் காலையில் கஞ்சி கொண்டுவந்தபோது ஞானசுந்தரி அவள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்.

ரயிலில் கொண்டுபோக முடியாது. மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தோம். மாமா வழி முழுவதும் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வெயில் அவள் முகத்தில் விழாதபடி குனிந்தே உட்கார்ந்திருந்தார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு உள்வீட்டைக் கூட்டினேன். சட்டிகள் வரிசையாக நின்றன. சிலவற்றில் இன்னும் நெய் இருந்தது. அதைக் கோயில் விளக்குக்குக் கொடுத்தேன். வெந்நீரில் கழுவினேன். எத்தனை தேய்த்தாலும் மண்சட்டியில் நெய் வாசனை போகாது. துக்க வீட்டில் ஒப்பட்டு சுட முடியாது. சட்டியை வெறுமனே தரவும் முடியாது. கேழ்வரகுக் குழியைத் திறந்து, சென்ற வருஷம் அவள் கையால் முதல் படி விழுந்த தானியத்தை எடுத்து ஒவ்வொன்றிலும் நிரப்பினேன். கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வீடு வீடாகப் போனேன். எந்தச் சட்டி எந்த வீட்டுடையது என்று அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருந்தாள்.

முதலில் சின்னக்காள் வீடு. அவளுக்கு இரண்டு கை கேழ்வரகு கூடுதலாக வைத்திருந்தேன். சட்டியை வாங்கிப் பார்த்தாள். மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏன்டி ராமக்கா, அவ்வளவு ஊட்டியும் ஏன்டி தாங்கல? என்ன கொற வச்சம்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எப்போதும் பேசாதவள் என்பதால் அவளுக்கு வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

“ஒரு கொறையும் வைக்கலீங்க,” என்றேன். அவள் அழுதாள். அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கேயும் அதே கேள்வி.

கடைசியில் ஒரு சட்டி மிஞ்சியது. அது மாமாவுடையது. எங்கள் வீட்டுச் சட்டியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? அவர் களத்துமேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் நிரப்பி எடுத்துக்கொண்டு போய், சற்றுத் தள்ளித் தரையில் வைத்தேன். திரும்பி நடந்தேன்.

“ராமக்கா.”

நின்றேன். அவர் என்னை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நடுவில் இருந்து சொல்ல இனி ஆள் இல்லை.

“ஒன்னு கேக்கறன், மறைக்காமச் சொல்லு. நான் கொண்டாந்த நெய்ய அவ சாப்புட்டாளா?”

முக்காட்டை இழுத்துக்கொண்டேன்.

“சாப்புட்டாங்க மாமா. சட்டிய வழிச்சு வழிச்சுச் சாப்புட்டாங்க.”

அவர் அந்தச் சட்டியைப் பக்கத்தில் இழுத்து, அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“அப்ப நாந்தான் பத்தாமக் கொண்டாந்துட்டன்,” என்றார்.